எலிக்கு வைத்த மருந்து கூகைக்குப் போகாமல் தடுப்பது எப்படி

சம்பா பொதி கட்டும் நாட்களில் காலையில் வரப்பில் இறங்கினால், நேற்று நிமிர்ந்து நின்ற தூர்கள் அடியில் வெட்டுப்பட்டுக் கிடக்கும். கத்தியால் சீவியதுபோல் சாய்வான வெட்டு, பக்கத்தில் நாலைந்து புழுக்கை. எலிதான், சந்தேகமே வேண்டாம். அன்று மாலையே கடையில் எலி மருந்துக் கட்டி வாங்கிவந்து வரப்போரம் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. பத்து நாள் கழித்து, பனைமரத்தடியில் ஒரு கூகை, அதாவது வயலில் எலி பிடிக்கும் ஆந்தை, பட்டப்பகலில் தரையில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போனாலும் பறக்காது. காக்கைகள் கொத்தும், திருப்பி அடிக்காது. மறுநாள் செத்துக் கிடக்கும். சாக்குருவி ஒழிந்தது நல்லதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. அடுத்த போகத்தில் எலி இரண்டு மடங்காகும்போது இந்தச் சாவு யாருக்கும் நினைவிருக்காது.

அந்தக் கூகை கட்டியைத் தொடவே இல்லை. கட்டியைத் தின்ற எலியைத் தின்றது. இந்தத் தொடர்பை எங்கே அறுக்கலாம், எந்த வரிசையில் வேலை செய்தால் எலியும் குறையும், கூகையும் பிழைக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். காவிரி டெல்டா நெல் வயலை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். நிலக்கடலைக்கும் கரும்புக்கும் தென்னந்தோப்புக்கும் அடிப்படை இதேதான்.

மருந்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

கடையில் எல்லாவற்றுக்கும் எலி மருந்து என்றுதான் பெயர். உள்ளே இருப்பது முற்றிலும் வேறு வேறு. வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காமல், சிறிய எழுத்தில் உள்ள வேதிப்பெயரைப் படியுங்கள்.

புரோமாடியோலோன், புரோடிஃபாகும், ஃப்ளோகூமாஃபென், டைஃபெனாகும் ஆகியவை ஒரே குடும்பம். ரத்தம் உறைவதைத் தடுப்பவை, இரண்டாம் தலைமுறை. நம் ஊரில் அதிகம் கிடைப்பது புரோமாடியோலோன்தான். அப்படியே வைக்கும் 0.005 சதவீதக் கட்டியாகவும், தானியத்தில் கலந்து வைக்கும் 0.25 சதவீதத் தூளாகவும் விற்கிறது. வார்ஃபரின், கூமாடெட்ராலில் போன்றவை முதல் தலைமுறை. இவையும் ரத்தத்தைத்தான் தாக்கும், ஆனால் பல நாள் தொடர்ந்து தின்றால்தான் எலி சாகும், உடலிலிருந்தும் ஓரளவு விரைவாக வெளியேறும். துத்தநாக பாஸ்பைடு கருஞ்சாம்பல் நிறத் தூள், பூண்டு வாடை அடிக்கும். எலியின் வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகி, சில மணி நேரத்தில் கொன்றுவிடும். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். எந்தக் கடையிலாவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், மனிதருக்கு அதற்கு மாற்று மருந்து கிடையாது.

கருவாட்டிலோ தக்காளியிலோ குருணைப் பூச்சிமருந்தைக் கலந்து வைக்கும் பழக்கமும் இருக்கிறது. இது எலிக்கான மருந்தே இல்லை. கருவாட்டைக் கண்டால் கரும்பருந்தும் காக்கையும் நாயும்தான் முதலில் வரும், உடனே சாகும். அந்தப் பிணத்தைத் தின்ன வருவதும் சாகும். இதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யக்கூடாது.

கூகை எப்படிச் சாகிறது?

ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் உண்டாக்குகிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடல் புதுப்பித்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். இந்த மருந்துகள் அந்தப் புதுப்பிக்கும் வேலையை நிறுத்துகின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரதங்கள் தீரும்வரை எலிக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் மருந்து தின்ற எலி அன்றே சாவதில்லை, மூன்று நாள் முதல் ஒரு வாரம்வரை நடமாடுகிறது. எலி சந்தேகப்படாமல் திரும்பத் திரும்பத் தின்ன வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். கூகைக்கு ஆபத்து வருவதும் இந்தத் தாமதத்தால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 0.005 சதவீத இரையில், கிராமுக்கு 0.05 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. புரோமாடியோலோனில் எலிகளில் பாதியைக் கொல்லப் போதுமான அளவு, உடல் எடை கிலோவுக்குச் சுமார் 1.1 மில்லிகிராம். 200 கிராம் எலிக்கு அது 0.22 மில்லிகிராம், அதாவது நாலரை கிராம் இரை. எலி ஒரே இரவில் 10 கிராம் தின்றுவிடும். சாவதற்கு முன் நாலு இரவு வந்தால் 40 கிராம், அதாவது 2 மில்லிகிராம் மருந்து. தன்னைக் கொல்லப் போதுமானதைப்போல் ஒன்பது மடங்கைத் தின்றுவிடுகிறது. ஒரு பகுதி கழிவில் போனாலும், மீதி கல்லீரலில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த நாலு நாளில் எலியின் நடத்தையும் மாறுகிறது. உள்ளே ரத்தம் கசிந்து சோர்ந்துபோய், வளைக்குள் பதுங்காமல் வெளியே உட்காரும், தள்ளாடும், பகலிலேயே வரப்பில் திரியும். வயலில் உள்ள எல்லா எலிகளிலும் பிடிக்க எளிதானது அதுதான். கூகையும், பகலில் வேட்டையாடும் கருந்தோள் பருந்தும் வல்லூறும் இப்படிப்பட்ட எலியைத்தான் முதலில் தூக்கும். கூகை சிறிய எலியை முழுதாக விழுங்கிவிடும், கல்லீரலும் குடலும் சேர்ந்தே உள்ளே போகும்.

ஒரு எலியால் கூகை சாகாமல் போகலாம். ஆனால் மருந்து கல்லீரலைவிட்டுப் போக மாதக்கணக்காகும். சுண்டெலிகளில் செய்த ஒரு சோதனையில், கல்லீரலில் புரோடிஃபாகும் பாதியாகக் குறையவே 300 நாளுக்கு மேல் ஆனது. இந்தப் போகத்தில் கொஞ்சம், அடுத்த போகத்தில் கொஞ்சம் என்று சேர்ந்துகொண்டே போகும். அப்படிச் சேர்ந்த பறவைக்கு இறகுத்தண்டு ஒன்று உடைந்தாலே ரத்தம் நிற்காது. கம்பியில் லேசாக உரசினாலும் போதும். பார்ப்பவர்கள் அடிபட்டுச் செத்தது என்பார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து 2023 பிப்ரவரியில் வெளியேறி ஓராண்டு நகரத்தில் வாழ்ந்த ஃபிளாக்கோ என்ற பெரிய ஆந்தை, 2024 பிப்ரவரி 23 அன்று ஒரு கட்டடத்தின் அருகே விழுந்து இறந்தது. மோதியதுதான் காரணம் என்று முதலில் தோன்றியது. உடலைச் சோதித்தபோது புறாவிலிருந்து தொற்றிய கடுமையான வைரஸ் நோயும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி மருந்துகள் நான்கும் இருந்தன. பிரிட்டனில் செத்துக் கிடைக்கும் கூகைகளின் கல்லீரலைத் தொடர்ந்து சோதிக்கிறார்கள். பத்தில் எட்டுக்குக் குறையாமல் இந்த மருந்தின் மிச்சம் இருக்கிறது. மலேசியாவில் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வார்ஃபரினை விட்டுப் புரோடிஃபாகும் உள்ளிட்ட மருந்துகளுக்கு மாறியபின், இரண்டரை ஆண்டில் 40 கூகைகள் 2 ஆகக் குறைந்ததாக 1980களில் பதிவாகியிருக்கிறது. கலிஃபோர்னியா 2021 முதல் இரண்டாம் தலைமுறை மருந்துகளின் பெரும்பாலான உபயோகத்தை நிறுத்திவிட்டது.

துத்தநாக பாஸ்பைடு இப்படிச் சேர்வதில்லை. வாயுவாகிப் போய்விடும், எலியின் சதையில் தங்காது. ஆனால் செரிக்காத இரை எலியின் வயிற்றில் மிச்சமிருந்தால், முழுதாக விழுங்கும் கூகைக்கு ஓரளவு ஆபத்து உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து தானியம் பொறுக்கும் பறவைகளுக்கு. வரப்பில் சிந்திய இரையை மயில் தின்றால் நேரடியாகவே சாகும்.

ஆக, மருந்து தின்று உயிரோடு நடமாடும் எலி இரவில் வயலில் இருக்கவே கூடாது. இனி சொல்லும் எல்லா வேலையும் இந்த ஒன்றுக்காகத்தான்.

கோடையிலேயே தொடங்குங்கள்

எலி வேலையைப் பயிர் வெட்டுப்பட்டபின் தொடங்கினால் மருந்தைத் தவிர வேறு வழி தெரியாது. ஏப்ரல் முதல் ஜூன்வரை வயல் காலியாக இருக்கும்போது எலிகள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மட்டுமே ஒதுங்கியிருக்கும். அப்போது எண்ணிக்கையும் குறைவு. ஒரு பெண் எலி மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சினையிருந்து ஆறேழு குட்டி போடும். கோடையில் பிடித்த ஒரு சோடி, தை மாதத்தில் பிடிக்கும் ஒரு கூட்டத்துக்குச் சமம்.

முதல் வேலை வரப்பு. அகலம் 45 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். டெல்டாவில் அதிகச் சேதம் செய்யும் வரப்பெலிக்குக் கிளை கிளையாக வளை தோண்டி, அறை வைத்து, கதிரைச் சேமிக்கத் தடித்த மண் வேண்டும். மெல்லிய வரப்பில் அது குடியிருக்காது. வரப்பில் உள்ள கோரையையும் புதரையும் வெட்டி மண் அணைத்துவிடுங்கள். களத்தோரம் மாதக்கணக்கில் கிடக்கும் வைக்கோல் படப்பும் எலிக்கு வீடுதான்.

அடுத்து, எந்த வளை உயிருள்ளது என்று பார்க்க வேண்டும். மாலையில் கண்ணில் படும் எல்லா வளையையும் சேற்றால் அடைத்துவிட்டு, மறுநாள் காலை எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். திறந்ததுதான் உயிர் வளை. நண்டு வளையை எலி வளை என்று எண்ணி ஏமாற வேண்டாம். நண்டு வளையின் வாய் வழவழப்பாக வட்டமாக இருக்கும், சுற்றிச் சேற்று உருண்டைகள் கிடக்கும். எலி வளையின் வாயில் பொடிமண் விசிறிபோல் சரிந்திருக்கும், நறுக்கிய தண்டுத் துண்டுகள் கிடக்கும். உயிர் வளையில் ஒரு கழி நட்டு அடையாளம் வையுங்கள். ஏக்கருக்குப் பத்துக்குள் இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கிட்டிப் பொறியும் மண்வெட்டியும் போதும் என்பது எங்கள் கணிப்பு.

வளை வெட்டும்போது பெரும்பாலும் ஒரே தவறுதான் நடக்கும். முன்வாயிலில் வெட்டத் தொடங்கியதும் எலி பின்வாயிலில் ஓடிவிடும். அந்தப் பின்வாயில் வெளியே தெரியாது, மெல்லிய மண்ணால் அடைத்திருக்கும். தலையால் ஒரு முட்டு முட்டினால் திறந்துகொள்ளும். வளையைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டருக்குக் காலால் அழுத்திப் பாருங்கள், பொதபொதவென்று அமுங்கும் இடம் அதுதான். அங்கே வலையையோ கூடையையோ கவிழ்த்துவிட்டு வெட்டுங்கள். புகை போடும் முறையும் நல்லதே. அடியில் சிறு துளையிட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, பானை வாயை வளைவாயோடு பொருத்தி, துளை வழியாகக் காற்றை ஊத வேண்டும். வாயால் ஊதினால் புகை நெஞ்சுக்குள் போகும், கையால் சுற்றும் ஊதியைப் பயன்படுத்துங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் இருளர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். எந்த வளையில் எலி இருக்கிறது, எதில் பாம்பு இருக்கிறது என்று மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவர்களை அழைத்தால் நியாயமான கூலி கொடுங்கள், கிடைக்கும் நெல்லையும் எலியையும் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் அந்த வயலிலும் பக்கத்து வயலிலும் அண்மையில் மருந்து வைத்திருந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். வயல் எலியைச் சமைத்து உண்பவர்களுக்கும் கூகைக்கு வரும் அதே ஆபத்து இருக்கிறது. வேக வைப்பதை நம்பி இந்த மருந்து போய்விடும் என்று இருக்கக்கூடாது.

கிட்டி

தஞ்சாவூர் கிட்டியைவிட நல்ல கருவி வயலுக்கு இன்னும் வரவில்லை. மூங்கில் வில்லின் விசையில் எலியைச் சுருக்கிட்டு நொடியில் கொன்றுவிடும். மருந்தில்லை, அதனால் செத்த எலியைக் கூகையோ பருந்தோ தூக்கிப்போனாலும் கெடுதல் இல்லை.

ஏக்கருக்கு 40 கிட்டி கணக்கு. சூரியன் மறைந்தபின் வைத்து, விடியுமுன் எடுக்க வேண்டும். பகலில் விட்டுவைத்தால் மைனாவும் கவுதாரியும் மாட்டும். வயல் நடுவில் சிதறி வைக்காமல், எலி நடந்து நடந்து வழுக்கியிருக்கும் தடத்தில், வரப்போடு ஒட்டிப் பத்தடிக்கு ஒன்றாக வையுங்கள். இரையாக வறுத்த அரிசிமாவை நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ பிசைந்து வைக்கலாம். பொரியும் சரிவரும். முதல் இரவில் நன்றாக விழும், மூன்றாம் இரவில் குறையும். அப்போது கிட்டி கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். மிச்ச எலி உஷாராகிவிட்டது. நாலைந்து நாள் விட்டு, இடத்தையும் இரையையும் மாற்றி மறுபடி வையுங்கள். ரத்தக்கறையோடு மறுபடி வைத்தால் வராது என்று பலர் சொல்வார்கள். கழுவி வெயிலில் காயவைத்து எடுப்பது நல்ல பழக்கம்.

வீட்டிலும் கடையிலும் அரிசி ஆலையிலும் எலிக்கூண்டும் அடிப்பொறியும் போதும். ஒட்டும் பசை அட்டையை மட்டும் வேண்டாம். திறந்த இடத்தில் வைத்தால் எலியைப் பிடிக்க வந்த புள்ளி ஆந்தையும் சாரைப்பாம்பும் ஒட்டிக்கொள்ளும், இறகு பிய்ந்துதான் வரும். சுண்டெலி ஆறு மில்லிமீட்டர் இடுக்கிலும் நுழையும் என்பதால், கதவடியில் தகரமும் சாளரத்தில் கம்பிவலையும் அடிப்பதுதான் நிலையான தீர்வு.

கூகையை வயலுக்கு அழைப்பது

கூகை உட்காரத் தாங்கி வைப்பது செலவே இல்லாத வேலை. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலே போதும், டெல்டாவில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். டி வடிவக் கழியானால் குறுக்குக் கட்டை இரண்டடி நீளம், கைப்பிடிக் கனம். பயிருக்கு மேல் நாலைந்து அடி உயரம் வேண்டும். வழுக்கும் மூங்கிலானால் சாக்குத்துணி சுற்றுங்கள். ஏக்கருக்கு 16 முதல் 20 வரை வைக்கலாம். நாற்று நட்ட உடனே தாங்கியை ஊன்றிவிடுங்கள், பயிர் அடர்ந்தபின் கூகைக்குக் கீழே தரை தெரியாது, தாங்கியும் பயனற்றுப்போகும். பால் பிடிக்கும் சமயத்தில் கிளியும் சிட்டும் பகலில் தாங்கியில் உட்கார்ந்து கதிரைத் தின்றால், நடுவில் உள்ளவற்றைப் பிடுங்கிவிட்டு வரப்போரத்தில் உள்ளவற்றை மட்டும் வைத்திருங்கள்.

கூகை மட்டும் போதுமா என்றால், போதாது. ஒரு கூகை இரவுக்கு இரண்டு மூன்று எலி பிடிக்கும், குஞ்சு இருக்கும்போது இன்னும் கூட. ஆனால் அது அதிகம் பிடிப்பது வயல் சுண்டெலியும் புல்லெலியும், பெரிய எலிகளின் இளங்குட்டிகளும்தான். 250 கிராம் எடையுள்ள வளர்ந்த வரப்பெலி அரை கிலோ எடையுள்ள பறவைக்குச் சுலபமான இரை இல்லை. வளர்ந்ததை நீங்கள் கிட்டியில் பிடியுங்கள், இளசைக் கூகை பார்த்துக்கொள்ளும்.

கூகை என்ன தின்கிறது என்பதை அதன் கக்கல் உருண்டையில் பார்க்கலாம். கோயில் மண்டபத்திலோ பனைமரத்தடியிலோ கட்டைவிரல் பருமனில் கறுத்து, எச்சில் காய்ந்து பளபளப்பாகக் கிடக்கும். வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால், சாம்பல் மயிருக்குள் மண்டையோடுகள் முழுதாக இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் வளைந்த இரண்டு முன்பற்கள் இருந்தால் எலி. நீண்ட கூரிய மூக்கும் ஊசிப்பற்களும் இருந்தால் மூஞ்சூறு. வாரம் ஒருமுறை பத்து உருண்டையைப் பிரித்தால் உங்கள் வயலில் எந்த எலி கூடுகிறது என்று தெரிந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பனையும் கோபுரப் பொந்தும் குறைந்த இடங்களில் பெட்டி வைக்கலாம். 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில், நீளம் 60, அகலம் 45, உயரம் 60 சென்டிமீட்டர். வாயில் 15-க்கு 15 சதுரம். வாயிலின் அடிவிளிம்பு தரைப்பலகையிலிருந்து 40 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். பெட்டி செய்பவர்கள் தவறுவது இந்த அளவில்தான். வாயில் தாழ்ந்திருந்தால், பறக்கத் தெரியாத குஞ்சு எட்டிப்பார்த்து விழுந்துவிடும். தரையில் விழுந்த குஞ்சுக்குத் தாய் பெரும்பாலும் இரை கொடுக்காது. தரைப்பலகையில் 10 மில்லிமீட்டர் துளை நாலு, கூரை முன்னும் பின்னும் நாலு விரல் நீண்டு சரிந்திருக்க வேண்டும். சுத்தம் செய்யப் பின்பக்கம் ஒரு கதவு. உள்ளே சாயமோ வார்னிஷோ பூசக்கூடாது. அடியில் இரண்டு அங்குலம் மரத்தூள் போடுங்கள். 12 முதல் 15 அடி உயரத்தில், வாயில் வடக்கையோ கிழக்கையோ பார்க்க, நிழலுள்ள புளியிலோ வேம்பிலோ கட்டுங்கள். மேற்கு வெயிலில் வைத்த பெட்டியில் கோடைக் குஞ்சு வெந்துவிடும். பெரிய சாலையையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி வையுங்கள். 12 ஏக்கருக்கு ஒரு பெட்டி போதும். உடனே வராது, ஒரு வருடம்கூட ஆகலாம். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் வரவே வராது. மைனாவும் தேனீயும் குடியேறுவதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. சுற்றியுள்ளவர்கள் புரோமாடியோலோன் கட்டி போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பெட்டி வைக்காதீர்கள். கூகை உங்கள் வரப்போடு நிற்காது, கிலோமீட்டர் கணக்கில் சுற்றும். நல்லெண்ணத்தில் வைத்த பெட்டி, விஷம் உள்ள இடத்துக்குக் குடும்பத்தையே அழைத்துவந்ததாக ஆகிவிடும். முதலில் பக்கத்து வயல்காரர்களிடம் பேசி, ஒரே வாரத்தில் எல்லோரும் சேர்ந்து வளை வெட்டவும் கிட்டி வைக்கவும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். எலிக்கும் வரப்பு எல்லை கிடையாது. ஒருவர் மட்டும் பிடித்தால் பத்து நாளில் அடுத்த வயல் எலி வந்துவிடும்.

மருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால்

இத்தனையும் செய்தும் உயிர் வளை குறையாத வருடம் வரும். அப்போது துத்தநாக பாஸ்பைடுதான் முதல் தேர்வு, அதுவும் வளைக்குள் மட்டும்.

முதல் இரண்டு நாள் மருந்தில்லாத இரை வைக்க வேண்டும். குருணை அரிசியையோ பொரியையோ கொஞ்சம் எண்ணெயில் புரட்டி, ஒவ்வொரு உயிர் வளைக்குள்ளும் ஒரு கைப்பிடி. இதைச் செய்யாமல் நேராக மருந்து வைப்பவர்களுக்குத்தான் மருந்து பலிக்கவில்லை. எலி புதிய உணவைக் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்க்கும், வயிறு வலித்தால் பிழைத்தவை மாதக்கணக்கில் அந்த இரையைத் தொடாது. மூன்றாம் நாள் மாலை மருந்து இரை. ஒரு கிலோவுக்கு 960 கிராம் குருணை, 20 கிராம் சமையல் எண்ணெய், 20 கிராம் துத்தநாக பாஸ்பைடு. எண்ணெயை முதலில் பிசிறிவிட்டு, தூளைத் தூவிக் குச்சியால் கலக்குங்கள். திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று, கையுறையும் முகமூடியும் போட்டுச் செய்ய வேண்டும். ஈரம் பட்டால் வாயு வரும், ஈரப் பாத்திரமும் மழை நாளும் கூடாது. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பத்துப் பத்து கிராமாகத் தாளில் மடித்து வளைக்குள் முழங்கை ஆழத்துக்குக் குச்சியால் தள்ளி, வாயை மண்ணால் மூடுங்கள். வரப்பின்மேல் ஒரு மணிகூடச் சிந்தக்கூடாது, மயில் அதைத்தான் தேடிவரும். மறுநாள் காலை வெளியே கிடக்கும் எலிகளை எடுத்துப் புதையுங்கள். அந்தப் போகத்தில் அதே வயலில் இரண்டாம் முறை வைப்பதில் பயனில்லை.

புரோமாடியோலோன் கடைசி. அருகில் கூகை குஞ்சு வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். வைத்தாக வேண்டுமென்றால் கட்டியை வரப்பில் எறியாமல், உயிர் வளைக்குள் ஒன்று என்று தள்ளி வாயை மூடுங்கள். கிடங்கில் வைப்பதானால் கோழியும் ஆடும் நாயும் நுழைய முடியாத குழாய்த் துண்டுக்குள் வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்திருக்கும் வளைக்கு மட்டும் இரண்டாம் கட்டி. தினமும் நிரப்பினால் அதே எலி இன்னும் அதிகமாகத் தின்னுமே தவிர, இன்னொரு எலி சாகாது. பத்தாம் நாளில் தின்னாத மிச்சத்தைத் தோண்டி எடுத்துவிடுங்கள். வருடம் முழுவதும் கட்டி கிடக்கும் கிடங்கும் கோழிப்பண்ணையும்தான் சுற்றுவட்டாரக் கூகைகளுக்கு மிகக் கெட்ட இடம்.

கட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் செய்யாமல் விடும் வேலை பிணம் பொறுக்குவது. மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள்வரை, விடியற்காலையிலும் மாலை இருட்டுமுன்னும் வரப்பு, வாய்க்கால், வைக்கோல் போரடி எல்லாம் ஒரு சுற்று வர வேண்டும். தள்ளாடும் எலியையும் அடித்து எடுக்க வேண்டும், கூகை தூக்கப்போவது அதைத்தான். கையுறையோடு வாளியில் போட்டு, இரண்டடி ஆழக் குழியில் புதையுங்கள். வாய்க்காலில் வீசக்கூடாது, குப்பையில் போட்டாலும் கரும்பருந்து எடுத்துவிடும். பல எலிகள் வளைக்குள்ளேயே சாகும், எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. அதனால்தான் இந்த மருந்தைக் கடைசியில் வைக்கச் சொல்கிறோம்.

மருந்தேறிய பறவையைக் கண்டால்

பகலில் தரையில் உட்கார்ந்திருக்கும், இறக்கை தொங்கும், கண் பாதி மூடியிருக்கும். ரத்தம் உறையாத மருந்து என்றால் வாயின் உட்புறம் வெளிறியிருக்கும், இறக்கைக்கு அடியில் நீலம் பாரித்திருக்கும், எச்சத்தில் ரத்தம் தெரியும், சின்னக் கீறலிலிருந்தும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். எலும்பு முறிவு இல்லாமலேயே இப்படி இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

துண்டை மேலே போட்டு, இறக்கையை உடலோடு சேர்த்து மெதுவாக எடுங்கள். நகத்தில் கவனம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடுங்கள், இருட்டும் அமைதியும் அதற்குப் பாதி மருந்து. கம்பிக் கூண்டு வேண்டாம், மோதி மோதி உள்ளே ரத்தம் கசியும். தண்ணீரோ பாலோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஆந்தைகளும் பருந்துகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, வீட்டில் வைத்து வளர்க்கக்கூடாது. வனத்துறைக்குத் தெரிவித்து, கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள்.

மருத்துவரிடம் எலி மருந்துச் சந்தேகம் என்று முதலிலேயே சொல்லுங்கள். அட்டை கிடைத்தால் எடுத்துப்போங்கள். இதற்கு மாற்று வைட்டமின் கே1. கடையில் சுலபமாகக் கிடைக்கும் கே3 இதற்கு வேலை செய்யாது, இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக்கூடாது. அளவு பறவையின் எடையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வது. இரண்டாம் தலைமுறை மருந்தானால் சில வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நாலு நாளில் தெளிந்து தீனி எடுத்ததும் பறக்கவிட்டால், கல்லீரலில் இருக்கும் மருந்து மறுபடி வேலையைக் காட்டும், காட்டில் போய்ச் சாகும். துத்தநாக பாஸ்பைடுக்கு இப்படி மாற்று மருந்து கிடையாது.

செத்துக் கிடந்தாலும் புதைத்துவிடாதீர்கள். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, தேதியைக் குறித்து, பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வனத்துறை வரும்வரை பனிப்பெட்டியில் வையுங்கள். மார்புத் தோலுக்கடியில் உறையாத ரத்தம் தேங்கியிருப்பதைக் கூறாய்வில் பார்க்கலாம், கல்லீரலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் எந்த மருந்து என்றே தெரியும். அதே வாரம் சுற்றியுள்ள வயல்களில் யார் என்ன வைத்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். பழிபோட அல்ல, மிச்சக் கட்டியை அன்றைக்கே தோண்டி எடுக்க. ஒன்று செத்த இடத்தில் அதன் சோடியும், பொந்தில் குஞ்சுகளும் அதே எலியைத்தான் தின்றுகொண்டிருக்கும்.